சாம்பியன் ஆனா மேல போக முடியாதா? 2018-19ல் ஐ-லீக் கோப்பையை ஜெயிச்ச சென்னை சிட்டி எஃப்சிக்கு என்ன ஆச்சு?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியம். ஆட்டம் ஆரம்பிச்சு 3வது நிமிடத்திலேயே எதிரணி கோல் போட்டுவிட்டது. ஆனால் விசில் அடித்து ஆட்டம் முடிந்தபோது கோப்பை தமிழ்நாட்டு அணியின் கையில் இருந்தது. இந்தியாவின் ஐ-லீக் கால்பந்து சாம்பியன் பட்டத்தை ஒரு தமிழக கிளப் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்சி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், கொல்கத்தாவின் நூற்றாண்டு பாரம்பரிய அணியான ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளி அந்தக் கோப்பையை வென்றது.

இதில் ஒரு வினோதம் இருக்கு. அன்று ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், அடுத்த ஆண்டே இந்தியாவின் பெரிய லீக்கான ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டது. ஜெயித்த சென்னை சிட்டி போகவே இல்லை. 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே கிடையாது.

ஏன் இப்படி? சாம்பியன் ஆன அணி எப்படி மூணே வருஷத்தில் லீக்கை விட்டே வெளியேறும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்: சென்னை சிட்டியின் 2018-19 சீசன்

- ஆடிய ஆட்டங்கள்: 20
- வெற்றி 13, டிரா 4, தோல்வி 3
- போட்ட கோல்கள்: 48
- மொத்தப் புள்ளிகள்: 43 (ஈஸ்ட் பெங்கால் 42)
- அணியின் அதிகபட்ச கோல்: பெட்ரோ மான்சி, 21
- பயிற்சியாளர்: அக்பர் நவாஸ், சிங்கப்பூர்
- சொந்த மைதானம்: நேரு ஸ்டேடியம், கோவை

சென்னை சிட்டியும் சென்னையின் எஃப்சியும் ஒண்ணா?

இல்லை. நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

சென்னையின் எஃப்சி என்பது ஐஎஸ்எல் அணி. அபிஷேக் பச்சன், தோனி ஆகியோர் இணை உரிமையாளர்களாக இருந்த, நீல ஜெர்சி அணி. 2014ல் தொடங்கி, 2015லும் 2017-18லும் ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்தது.

சென்னை சிட்டி எஃப்சி வேறு. நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் 1946ல் தொடங்கப்பட்டு, சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப் அது. பின்னாளில் ரோஹித் ரமேஷ் உரிமையாளராக வந்து, பெயரும் மாறியது. 2016-17 சீசனில் நேரடி அனுமதி மூலம் ஐ-லீக்குக்குள் நுழைந்தது. அதே சீசனில் அப்படியே நுழைந்த இன்னொரு அணி மினர்வா பஞ்சாப். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வரும்.

அதற்கு முன் தேசிய அளவிலான கால்பந்து லீக்கில் தமிழ்நாட்டின் முகமாக இருந்தது இந்தியன் வங்கி அணி. 1996ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் ஆடிய அணிகளில் அதுவும் ஒன்று. அந்த லீக்தான் 2007ல் ஐ-லீக் ஆனது.

பேரு சென்னை, மைதானம் கோவை. ஏன்?

சென்னை நேரு ஸ்டேடியம் சென்னையின் எஃப்சியின் சொந்த மைதானம். சென்னை சிட்டி தன் ஐ-லீக் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனது.

பெயரில் சென்னை இருந்தாலும் கோவைக்காரர்கள் அந்த அணியை நம்ம டீம் என்றுதான் பார்த்தார்கள். மேற்கு மாவட்டங்களில் தேசிய லீக் ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

முதல் இரண்டு சீசன்கள் சுமார்தான். 2016-17, 2017-18 இரண்டிலும் 10 அணிகளில் 8வது இடம். 2018-19 தொடங்கும்போது இந்த அணி கோப்பை ஜெயிக்கும் என்று சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் என்ன மாறுச்சு?

இரண்டு விஷயம் மாறியது. ஒன்று பயிற்சியாளர், இன்னொன்று வெளிநாட்டு வீரர்கள் தேர்வு.

அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அங்கே டாம்பைன்ஸ் ரோவர்ஸ் போன்ற அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, பாஸ் கொடுத்துக் கொடுத்து முன்னேறுவது அவர் பாணி. பின்வரிசையில் அடைத்து உட்கார்ந்து ஒரு கோலைக் காப்பாற்றுகிற ஆட்டம் இல்லை. ஒரு கோல் வாங்கினா ரெண்டு போடு என்கிற ஆட்டம். 20 ஆட்டத்தில் 48 கோல் என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.4 கோல். அந்தப் பாணி எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இரண்டாவது, ஸ்பெயின் பக்கம் திரும்பியது. பெரிய பெயர் வாங்கிய, வயதான நட்சத்திரங்களை அவர்கள் தேடவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து வந்தார்கள்.

- பெட்ரோ மான்சி: உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் ஆடியவர். கோல் அடிப்பதுதான் வேலை.
- நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ்: நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தியவர்கள்.
- ராபர்ட்டோ எஸ்லாவா: பின்வரிசைத் தூண்.
- நவுசெட் சாந்தனா: கோல்கீப்பர்.

இவர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் போன்ற தமிழக வீரர்கள். வெளியில் இருந்து ஐந்து பேர் வந்தாலும், மீதி அணியில் நம்ம ஊர்ப் பசங்களுக்கு இடம் இருந்தது. ஐஎஸ்எல்லில் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்திருக்கும் வயதில், இவர்கள் இங்கே வாரா வாரம் 90 நிமிடம் ஆடினார்கள்.

சீசன் எப்படிப் போச்சு?

அந்த ஆண்டு ஐ-லீக்கில் மொத்தம் 11 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 10 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை மோத வேண்டும். ஆக 20 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிராவுக்கு 1, தோற்றால் பூஜ்ஜியம். ஐஎஸ்எல் மாதிரி அரையிறுதி, இறுதி எதுவும் கிடையாது. கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளியோ அவர்தான் சாம்பியன்.

2018 அக்டோபர் 26ல் கோவையில் முதல் ஆட்டம். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் இளையோர் அணியான இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடித்து நொறுக்கியது சென்னை சிட்டி. மான்சி ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் 3 கோல்.

நவம்பரில் கொல்கத்தா போனார்கள். சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று ஜெயித்தார்கள். 2019 ஜனவரியில் கோவையிலும் அதே ஈஸ்ட் பெங்கால், அதே 2-1.

அந்த நேரத்தில் இதை இரண்டு நல்ல வெற்றிகளாகத்தான் பார்த்தார்கள். சீசன் முடிந்த பிறகு கணக்குப் போட்டால்தான் அதன் மதிப்பு புரிகிறது. அந்த இரண்டு ஆட்டங்களில் ஏதாவது ஒன்று டிராவில் முடிந்திருந்தால் சென்னை சிட்டிக்கு 41 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 43. கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

பிப்ரவரியில் பட்டியலின் அடியில் கிடந்த ஷில்லாங் லாஜோங்கை 6-1 என்று வென்றபோது, கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சறுக்கல். கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோல்வி. அன்றே முடித்திருக்க வேண்டிய வேலை கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது.

மார்ச் 9: கணக்கு எப்படி இருந்தது?

கடைசி ஆட்டத்துக்கு முன் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39.

- சென்னை சிட்டி ஜெயித்தால்: அவ்வளவுதான், யார் என்ன செய்தாலும் சாம்பியன்.
- சென்னை சிட்டி டிரா செய்து, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால்: கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு.
- சென்னை சிட்டி தோற்று, ஈஸ்ட் பெங்கால் டிரா செய்தால்: இருவரும் 40. அப்போது இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதில் சென்னைதான் முன்னே.

கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரி யார் தெரியுமா? மினர்வா பஞ்சாப். ஒரே சீசனில் ஐ-லீக்குக்குள் வந்த அதே அணி. அதுமட்டுமில்லை, முந்தைய ஆண்டு சாம்பியனும் அவர்கள்தான். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால்.

3வது நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். கேலரி அடங்கிப்போனது. இடைவேளை வரை 0-1. கோழிக்கோட்டில் அதுவரை கோல் இல்லை. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டால் போதும், பட்டியல் தலைகீழ்.

இரண்டாவது பாதி வேறு கதை. 56வது நிமிடத்தில் பெனால்டி, மான்சி அடித்தார். 1-1. 69வது நிமிடத்தில் கௌரவ் போரா. 2-1. கோல் அடிப்பது இவர் வேலை இல்லை, பின்வரிசை ஆட்டக்காரர். கூடுதல் நேரத்தின் 3வது நிமிடத்தில் மறுபடியும் அதே போரா. 3-1.

கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், கடைசி 15 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். போராவின் இரண்டு கோலும் இல்லாமல் இருந்திருந்தால் அது போதும்.

தேசிய அளவில் 2003-04க்குப் பிறகு லீக் பட்டத்துக்காகக் காத்திருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அது இன்னொரு ஏமாற்றம். கோவையில் கொண்டாட்டம்.

ஐ-லீக் சின்ன லீக்தானே, ஐஎஸ்எல் அணிகளோடு மோதினா தெரியும் என்றவர்களுக்கு?

அதுக்கும் பதில் கிடைத்தது. அதே ஆண்டு இரண்டு லீக் அணிகளும் கலந்து ஆடும் சூப்பர் கப் புவனேஸ்வரில் நடந்தது. கால் இறுதியில் சென்னை சிட்டிக்கு எதிரே பெங்களூரு எஃப்சி. சுனில் சேத்ரியின் அணி. அந்த ஆண்டு ஐஎஸ்எல் சாம்பியன். ஐ-லீக் சாம்பியனும் ஐஎஸ்எல் சாம்பியனும் நேருக்கு நேர்.

முடிவு: சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. கோர்டில்லோ இரண்டு கோல்.

அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் தோற்று வெளியேறினார்கள். ஆனாலும் தரம் போதாது என்ற வாதத்துக்கு அந்த ஒரு ஆட்டம் பதில் சொல்லிவிட்டது.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அதே 2018-19ல் ஐஎஸ்எல்லில் சென்னையின் எஃப்சி 9 புள்ளிகளோடு கடைசி இடம். சென்னை என்ற பெயரில் ஆடிய ஒரு அணி ஒரு லீக்கில் முதலிடம், இன்னொரு அணி இன்னொரு லீக்கில் கடைசி இடம். அடுத்த சீசனில் இருவரும் எங்கே ஆடினார்கள்? அவரவர் இருந்த இடத்திலேயே.

அதுதான் கேள்வி. சாம்பியன் ஏன் மேலே போகல? கடைசி அணி ஏன் கீழே வரல?

உலகில் லீக்குகள் இரண்டு விதம்.

முதலாவது, திறந்த லீக். இங்கிலாந்து, ஸ்பெயின் கால்பந்து இப்படித்தான். கீழ் லீக்கில் ஜெயித்தால் மேலே போகலாம். மேல் லீக்கில் கடைசியாக வந்தால் கீழே இறங்கணும். லெஸ்டர் சிட்டி 2014ல் இப்படி மேலே வந்த அணிதான். 2016ல் பிரீமியர் லீக் சாம்பியனே ஆனது.

இரண்டாவது, மூடிய லீக். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் இதற்கு நல்ல உதாரணம். மேஜர் லீக்கில் 30 அணிகள். அவற்றுக்குக் கீழே மைனர் லீக்கில் 120 அணிகள். மைனர் லீக்கில் ஒரு அணி கோப்பை ஜெயித்தாலும் அது மேஜர் லீக்குக்குப் போகாது. நல்லா ஆடிய வீரர் மட்டும் மேலே போவார். அணி அங்கேயே இருக்கும். அங்கே அதுதான் ஏற்பாடு என்று எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். மைனர் லீக் அணிகளின் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவற்றோடு இணைந்த மேஜர் லீக் அணிகள்தான். நம்ம ஐபிஎல்லும் மூடிய லீக்தான்.

ஐஎஸ்எல்லும் 2014ல் அப்படித்தான் தொடங்கியது. 2010ல் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, ஐஎம்ஜி - ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் வழியாக வந்த லீக் இது. உள்ளே வரணும் என்றால் களத்தில் ஜெயித்து வர முடியாது. ஏலத்தில் கலந்து, உரிமைக் கட்டணம் கட்டி வரணும். 2017ல் பெங்களூரு எஃப்சியும், டாடாவின் ஜாம்ஷெட்பூர் எஃப்சியும் அப்படித்தான் வந்தன.

சிக்கல் எங்கே என்றால், ஐ-லீக்கை அதுவரை நாட்டின் முதல்நிலை லீக் என்றுதான் சொல்லிவந்தார்கள். அதாவது ஐ-லீக் சாம்பியன் என்றால் இந்திய சாம்பியன். 2017-18ல் இரண்டு லீக்குகளும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. பணம், டிவி நேரம், ஸ்பான்சர், தேசிய அணி வீரர்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. 2019ல் ஐஎஸ்எல்தான் முதல்நிலை என்று முடிவானது. சென்னை சிட்டி கோப்பை ஜெயித்த அதே ஆண்டு.

இது சென்னை சிட்டிக்கு மட்டும் நடந்ததில்லை. 2016-17ல் மிசோரமின் ஐஸ்வால், 2017-18ல் மினர்வா பஞ்சாப் என்று அதற்கு முன் ஐ-லீக் ஜெயித்த சின்ன ஊர், சின்ன பட்ஜெட் அணிகளுக்கும் இதே கதைதான். கோப்பை இருந்தது, மேலே போகக் கதவு இல்லை.

கோப்பைக்குப் பிறகு என்ன நடந்தது?

முதலில் நல்ல செய்திதான் வந்தது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசெல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பிய கிளப் ஒன்று தமிழக கால்பந்தில் கை வைத்தது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

ஐ-லீக் சாம்பியன் என்பதால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பும் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அங்கிருந்து அடுத்த கட்டத் தொடரான ஏஎஃப்சி கப்புக்குப் போனார்கள். அந்தத் தொடர் கொரோனாவால் ரத்தானது. ஐ-லீக்கும் 2020 மார்ச்சில் பாதியில் நின்றது.

இடையில் அணி கலைந்துகொண்டே இருந்தது.

- மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போனார்.
- கோர்டில்லோ ஐஎஸ்எல்லின் ஹைதராபாத் எஃப்சிக்கு.
- எட்வின் சென்னையின் எஃப்சிக்கு.
- ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கு.
- அஜித்குமார் பெங்களூரு எஃப்சிக்கு.

கவனிச்சீங்களா? பேஸ்பால் மைனர் லீக் மாதிரியே. வீரர்களுக்கு மேலே கதவு திறந்தது, அணிக்குத் திறக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், அமெரிக்காவில் சம்பளச் சுமையை மேல் லீக் அணி தாங்கும். இங்கே சென்னை சிட்டி மாதிரி கிளப் எல்லாச் செலவையும் தானே தாங்கணும்.

2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்தில், கொல்கத்தா, கல்யாணி மைதானங்களில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. கோவையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்தது சென்னை சிட்டி. அடுத்த 2021-22 சீசனில் அந்தப் பெயர் லீக்கிலேயே இல்லை. அதிலிருந்து 2024-25 வரை நான்கு ஐ-லீக் சீசன்களில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு அணிகூட ஆடவில்லை.

ஈஸ்ட் பெங்கால்? 2020ல் பெரிய முதலீட்டாளர் கிடைத்து ஐஎஸ்எல்லுக்குள் போனது. ரசிகர் கூட்டம், நூறாண்டு வரலாறு, முதலீடு எல்லாம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் வந்ததில் தப்பில்லை. ஆனால் களத்தில் அவர்களை இரண்டு முறை வென்று, பட்டியலிலும் முந்திய அணிக்கு அந்த வழி இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இப்போ விதி மாறிடுச்சா?

மாறியிருக்கு, கொஞ்சம் தாமதமாக. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டப்படி, 2022-23 சீசனில் இருந்து ஐ-லீக் சாம்பியன் உரிமைக் கட்டணம் இல்லாமலேயே ஐஎஸ்எல்லுக்கு உயரலாம்.

அப்படி முதலில் உயர்ந்தது பஞ்சாப் எஃப்சி. ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கிய பிறகு மினர்வா பஞ்சாப் எடுத்த புதுப் பெயர்தான் இது. 2019 மார்ச் 9ல் கோவையில் சென்னை சிட்டியிடம் தோற்ற அதே கிளப். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2023-24 ஐ-லீக்கை ஜெயித்து மேலே போனது.

ஆக, சென்னை சிட்டி ஜெயித்த நாலு வருஷம் கழித்து ஜெயித்திருந்தால் ஐஎஸ்எல்லில் இருந்திருக்கும்.

ஐஎஸ்எல்லும் அசைக்க முடியாத கோட்டையில்லை. அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பதைக் காரணம் காட்டி, 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்திவைப்பதாக லீக்கை நடத்தும் நிறுவனம் கிளப்புகளுக்குச் சொன்னது. மேல் தளமே ஆடும்போது கீழ்த் தளத்தின் நிலையைச் சொல்லவா வேண்டும்!

இதுல நமக்கு என்ன இருக்கு?

கால்பந்து என்றால் கொல்கத்தா, கேரளா, கோவா என்று பேசுவார்கள். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் போய்ப் பார்த்தால் கதை வேற. மாலை ஆனால் மைதானத்தில் பந்து உருளும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் மாட்டுகிற பசங்க இருக்கிறார்கள்.

முன்பு இவர்களுக்கு ஒரு வழி இருந்தது. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, ஏஜி அலுவலகம் என்று அலுவலக அணிகள். நல்லா ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. மாதச் சம்பளம், மாலையில் பயிற்சி. தொழில்முறை லீக் வந்தபின் அந்த வழி குறுகியது. அதற்குப் பதிலாக வந்த வழிதான் சென்னை சிட்டி மாதிரி கிளப். மாவட்டத்தில் ஆடும் ஒரு பையன் சென்னை லீக், அங்கிருந்து ஐ-லீக், அங்கிருந்து ஐஎஸ்எல் என்று ஏறுவதற்கு நடுவில் இருந்த படி அது. எட்வினும் அஜித்குமாரும் ஏறியது அந்தப் படி வழியாகத்தான்.

அந்தப் படி போனால், கீழே இருப்பவர் ஒரே தாவலில் ஐஎஸ்எல் அணியின் கண்ணில் பட வேண்டும். எத்தனை பேரால் அது முடியும்?

பெண்கள் பக்கம் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அதே 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் கோப்பையை ஜெயித்தது. ஒரே ஆண்டில் ஆண்கள், பெண்கள் இரண்டு தேசிய லீக் கோப்பையும் தமிழ்நாட்டில். அதன் பிறகும் சேது எஃப்சி மகளிர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அதுதான் நாட்டின் உயர்ந்த லீக். மேலே இன்னொரு மூடிய கதவு இல்லை.

சுருக்கமா சொன்னா...

2018-19ல் சென்னை சிட்டி களத்தில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தது. 20 ஆட்டத்தில் 13ல் ஜெயித்தது, நேரடிப் போட்டியாளரை இரண்டு முறை தோற்கடித்தது, கடைசி நாளில் பின்தங்கி மீண்டு வந்தது, ஐஎஸ்எல் சாம்பியனையும் வென்றது. ஆனால் அந்த ஆண்டு விதிப்படி, கோப்பை ஜெயிப்பதும் அடுத்த கட்டத்துக்குப் போவதும் இரண்டு தனித்தனி விஷயங்களாக இருந்தன.

பிறகு அந்த வழி திறந்தது. ஐ-லீக்கை ஜெயித்தால் மேலே போகலாம் என்று ஆனது. அதில் ஏறத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு அணி வேண்டும். மறுபடி சென்னை லீக்கில் இருந்து, மாவட்ட லீக்கில் இருந்து, ஒரு கிளப் முதல் படியில் கால் வைக்கணும். அதற்கு ஸ்பான்சரும் வேண்டும், மைதானமும் வேண்டும். வீரர்களுக்குப் பஞ்சமில்லை.